பேரிடர் நினைவுகளை ஆவணப்படமாக எடுக்க: படிப்படியான வழிகாட்டி

முதல்முறையாகப் பேரிடர் ஆவணப்படம் எடுக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே வரிசையில்தான் வேலையைத் தொடங்குகிறார்கள்: கேமரா, ஊர், நேர்காணல், எடிட்டிங், கடைசியில் அவசர அவசரமாக ஒப்புதல் கையெழுத்து. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இங்கே கேமரா ஐந்தாவது படியில்தான் வருகிறது. முந்தைய நான்கைத் தாண்டிக் குதித்தால் படம் எங்கே உடையும் என்பதை அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நேரம்தான் முதல் தேவை. ஒரே மாதத்தில் முடிக்க வேண்டிய படம் என்றால் இந்த விஷயத்தைத் தொடாதீர்கள். மூன்று பேருக்கு மேல் குழு வேண்டாம். சின்ன அறையில் ஐந்து அந்நியர்கள் நின்றால் யாருக்கும் வாய் வராது.

மனநல ஆலோசகர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். நேர்காணலுக்குப் பிறகு யாராவது உடைந்துபோனால் அழைக்க ஓர் எண் வேண்டும். அந்த இரவில் தேடினால் கிடைக்காது.

பட்ஜெட்டில் புதியவர்கள் மறக்கும் செலவுகள் இரண்டு. படம் முடிந்தபின் பங்கேற்றவர்களுக்குப் போட்டுக் காட்டும் செலவு ஒன்று. பதிவுகளைப் பத்து வருடம் பாதுகாக்கும் செலவு இன்னொன்று. இவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் லென்ஸ் வாடகையைக் கணக்கிட வேண்டும்.

1. யாருக்கான நினைவு என்று முடிவு செய்யுங்கள்

ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்: "இந்தப் படத்தை முதலில் பார்க்க வேண்டியவர் யார்?" தப்பியவர்களா, அப்போது பிறக்காத பிள்ளைகளா, விசாரணை கேட்டுப் போராடுகிறவர்களா? மூன்றும் மூன்று வேறு படங்கள். சுனாமியில் தப்பியவருக்கு அலையின் காட்சி தேவையில்லை. அவர் அதை ஏற்கெனவே பார்த்துவிட்டார். பிள்ளைகளுக்கு அது தேவைப்படலாம். விசாரணைக்கான படத்துக்கோ நிமிடக் கணக்கு பிசகக் கூடாது.

இதே கட்டத்தில் இன்னொன்றையும் முடிவு செய்தாக வேண்டும்: நடந்ததை எந்தச் சொல்லால் அழைக்கப் போகிறீர்கள்? "இயற்கைச் சீற்றம்" என்று தலைப்பில் போட்டுவிட்டால், படம் தொடங்கும் முன்பே ஒரு தரப்பை விடுவித்துவிட்டீர்கள் என்று பொருள்.

2005 ஆகஸ்ட் 29-ல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் கரை கடந்தது. ஆனால் நியூ ஆர்லியன்ஸ் நகரின் சுமார் 80 சதவீதம் மூழ்கியதற்குக் காரணம் வெள்ளத்தடுப்புக் கரைகளும் சுவர்களும் உடைந்ததுதான். அவற்றைக் கட்டிய அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையே வடிவமைப்பில் பிழை இருந்ததை 2006-ல் ஒப்புக்கொண்டது. 1966 அக்டோபர் 21-ல் வேல்ஸின் அபர்ஃபான் கிராமத்துப் பள்ளிமீது நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். மறு ஆண்டு வந்த விசாரணை அறிக்கை தேசிய நிலக்கரி வாரியத்தின்மேல் பொறுப்பைச் சுமத்தியது. இவற்றை வெறும் "புயல்", "விபத்து" என்று படம் சொன்னால் அது அறியாமையாகத்தான் இருக்கும். அதை நடுநிலை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

2. கேமரா இல்லாமல் போங்கள்

குறைந்தது மூன்று முறை. முதல் முறை போகும்போது உங்களை யாரென்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இரண்டாம் முறை கேளுங்கள். மூன்றாம் முறை அவர்கள் கேட்பார்கள்.

பெரும்பாலும் வரும் முதல் கேள்வி: "போன தடவை வந்தவங்க எடுத்த படம் எங்கே?" அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும். ஏற்கெனவே பலமுறை பேட்டி கொடுத்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார்கள். அவர்கள் பேச்சு மெருகேறியிருக்கும், எங்கே நிறுத்தினால் கேமரா நெருங்கி வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஊர்ப் பெரியவர்கள் உங்களை நேராக அவர்களிடமே அனுப்புவார்கள். போய்க் கேளுங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். வாடகைக்குக் குடியிருந்தவர், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர், இறந்தவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அண்ணன் போன்றவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நினைவு நாளன்று முதல்முறையாகப் போகவே போகாதீர்கள். அன்று எல்லா கேமராக்களும் அங்கேதான் இருக்கும். நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகிவிடுவீர்கள்.

3. ஆவணங்களைப் படித்து முடியுங்கள்

விசாரணை அறிக்கை, நீதிமன்றப் பதிவு, வானிலைக் குறிப்பு, அன்றைய நாளிதழ் எல்லாவற்றையும் வைத்து நிமிட வாரியாக ஒரு காலவரிசை எழுதுங்கள். காரணம் எளிது: காகிதத்தில் கிடைக்கும் தகவலுக்காக ஒரு மனிதரை மறுபடி அந்த இரவுக்குள் தள்ளக் கூடாது.

எண்ணிக்கையில் மிகுந்த கவனம் தேவை. போபாலில் 1984 டிசம்பர் 2-3 இரவில் பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு வாயு கசிந்தது. உடனடி உயிரிழப்பு 2,259 என்று ஓர் அதிகாரபூர்வக் கணக்கு; 3,787 என்று மத்தியப் பிரதேச அரசின் பின்னாளைய கணக்கு; பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் சொல்வது இவற்றைவிட மிக அதிகம். இதில் ஒன்றைப் பொறுக்கித் திரையில் பெரிய எழுத்தில் போட்டால் நீங்கள் ஒரு தரப்பு ஆகிவிடுகிறீர்கள். யார் எப்போது எண்ணினார்கள், எத்தனை நாளைக்குள் இறந்தவர்களைச் சேர்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த முரண்பாடே சில சமயம் படத்தின் கருவாகிவிடும்.

காலவரிசையை நேர்காணலுக்குக் கொண்டுபோகாதீர்கள். "இல்லைங்க, அறிக்கையில் 9:15-னு இருக்கே" என்று ஒருவரைத் திருத்திய நண்பர் எனக்கு உண்டு. எதிரில் இருந்தவர் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். ஒருவருக்கு அந்த ஐந்து நிமிடம் ஒரு மணி நேரமாக நினைவிருப்பது பொய்யாகாது. இரண்டையும் எடிட்டிங் மேசையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

4. ஒப்புதலை நான்கு முறை கேளுங்கள்

பேச வேண்டுமா என்று முன்னால் ஒருமுறை. பேசி முடித்ததும் "இதில் எதையாவது எடுத்துவிடட்டுமா?" என்று ஒருமுறை. ரஃப் கட், அதாவது எடிட்டிங்கின் முதல் வடிவத்தைக் காட்டும்போது ஒருமுறை. முதலில் சொன்ன இடத்தைத் தாண்டிப் படம் வேறெங்காவது போகும்போது ஒருமுறை. திரைப்பட விழாவில் காட்ட ஒப்புக்கொண்டவர், தன் முகம் எல்லாருடைய கைபேசியிலும் வருவதற்கு ஒப்புக்கொண்டதாக ஆகாது.

படிவத்தை அவர் பேசும் மொழியில், ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வாசித்துக் காட்டுங்கள். எந்த நாள்வரை விலகிக்கொள்ளலாம் என்ற தேதி அதில் கட்டாயம் இருக்கட்டும். "எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்று தாராளமாக எழுதிவிட்டுப் படம் வெளியானதும் கையை விரிப்பது ஏமாற்று வேலை.

வெளியான பிறகும் மனம் மாறினால்? ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவிலிருந்த பாதரசத்தால் பாதிக்கப்பட்டுப் பிறந்த மகளை ஒரு தாய் குளிப்பாட்டும் புகைப்படத்தை அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் யூஜின் ஸ்மித் 1971-ல் எடுத்தார். உலகம் முழுக்கப் பேசப்பட்டது. மகள் இறந்து பல வருடம் கழித்து, அவளை இனியாவது ஓய்வெடுக்க விட வேண்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். அவரோடு மினமாட்டாவில் பணியாற்றிய, பதிப்புரிமையை வைத்திருந்த ஐலீன் ஸ்மித் 1998-ல் அந்தப் புகைப்படத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையைக் குடும்பத்திடமே ஒப்படைத்தார். புதிதாக வெளியிடுவதையும் நிறுத்திக்கொண்டார். உலகப் புகழ் பெற்ற படத்துக்கே அது முடிந்திருக்கிறது. நம் படத்துக்கு முடியாது என்று சொல்ல என்ன இருக்கிறது?

குழந்தைகள் விஷயத்தில் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. அந்தப் பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள். பதினெட்டு வயதில் மறுபடி கேட்பதாகக் குறித்துவைத்து, கேட்கவும் செய்யுங்கள்.

பணம் பற்றி என் நிலைப்பாடு: கதைக்கு விலை பேசாதீர்கள், ஆனால் அவர் இழந்த ஒருநாள் கூலியையும் பயணச் செலவையும் கொடுங்கள். இதில் கருத்து வேறுபாடு உண்டு, தெரியும். கேமராமேனுக்கு நாள்கூலி கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

5. நேர்காணல்

இடத்தை அவர் தேர்ந்தெடுக்கட்டும். இடிந்த வீட்டின் முன்னால் நிற்கவைத்தால் காட்சி நன்றாக வரும் என்று தோன்றும். அந்த ஆசையை அடக்குங்கள். வாசல் கண்ணில் படும்படி அவரை உட்காரவைத்து, வெளியே போகும் வழியில் ஸ்டாண்ட் எதையும் நிறுத்தாதீர்கள். அடைபட்ட இடத்தில் சிக்கித் தப்பியவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கைதட்ட வேண்டாம். ஒரு வெடிவிபத்தில் தப்பியவரை நாங்கள் பதிவு செய்யும்போது, ஒலியையும் படத்தையும் பொருத்துவதற்காக உதவியாளர் வழக்கம்போல அவர் முகத்துக்கு முன்னால் பளீரென்று கைதட்டினார். அவருடைய இரண்டு தோளும் காதுவரை ஏறின. அதன்பின் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். எந்தக் கேள்விக்கும் ஒரு வாக்கியத்தைத் தாண்டிப் பதில் வரவில்லை. மைக்கை விரல் நுனியால் லேசாகத் தட்டினாலே பொருத்துவதற்குப் போதும்.

ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். கம்மிய குரலும் முணுமுணுப்பும் பிறகு தூக்கி எடுக்கக் கிடைக்கும். படம் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை, குரல் போனால் எல்லாம் போச்சு. பேச்சு முடிந்ததும் அறையின் அமைதியை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்குக்குப் பயன்படும், அவருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

முதல் கேள்வி பேரிடரைப் பற்றி இருக்கக் கூடாது. "அந்த வீட்டில் எத்தனை வருஷம் இருந்தீங்க?" "தம்பி என்ன வேலை பார்த்தார்?" என்று ஆரம்பியுங்கள். இறந்தவர் முதலில் ஒரு மனிதராகப் படத்துக்குள் வரட்டும். சாவிலிருந்து தொடங்கினால் கடைசிவரை அவர் பட்டியலில் ஓர் எண்ணாகத்தான் இருப்பார்.

"அப்போ உங்களுக்கு எப்படி இருந்தது?" என்ற கேள்வியை அடியோடு விட்டுவிடுங்கள். அது உணர்ச்சியை ஆணையிட்டு வரவழைக்கிற கேள்வி. பதிலும் எல்லாருக்கும் ஒன்றேதான்: "சொல்ல வார்த்தையே இல்லைங்க." அதற்குப் பதிலாகச் செயலைக் கேளுங்கள். "சத்தம் கேட்டப்ப எங்கே நின்னீங்க?" "கையில் என்ன இருந்தது?" இப்படிக் கேட்டபோது ஒரு பெண்மணி, ஓடும்போது தன் கையில் பிள்ளையின் ஒற்றைச் செருப்பு இருந்ததாகவும், அதை எதற்காக எடுத்தேன் என்று இன்றுவரை புரியவில்லை என்றும் சொன்னார். உணர்ச்சியைப் பற்றிக் கேட்டிருந்தால் அந்தச் செருப்பு வந்திருக்காது.

"ஏன்" என்று தொடங்கும் கேள்விகளையும் தவிருங்கள். "ஏன் திரும்பிப் போகலை?" என்பது கேட்பவருக்குத் தகவல், கேட்கப்படுபவருக்குக் குற்றச்சாட்டு. தப்பிப் பிழைத்தவர்கள் பலர் அந்தக் கேள்வியைத் தங்களிடமே தினமும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அழுதால் என்ன செய்வது? ஜூம் செய்யாதீர்கள். கேமராவின் அளவை மாற்றாமல் அப்படியே விட்டு, "நிறுத்தட்டுமா, கொஞ்சம் இருக்கட்டுமா?" என்று கேளுங்கள். முடிவு அவருடையது. சிலர் தொடரவே விரும்புவார்கள். அவசரப்பட்டு அணைத்தாலும் அவமதிப்புதான். யூத இனப்படுகொலை பற்றி க்ளோத் லான்ஸ்மான் எடுத்து 1985-ல் வந்த ஒன்பது மணி நேரத்துக்கும் நீளமான 'ஷோவா' படத்தில், வதைமுகாமிலிருந்து தப்பிய ஒரு முடிதிருத்துபவர் பேச முடியாமல் நின்று, வேண்டாம் என்கிறார். இயக்குநர் தொடர்ந்து வற்புறுத்த, அவர் பேசுகிறார். சினிமா வகுப்புகளில் இன்றும் விவாதிக்கப்படும் காட்சி அது. அதைக் காட்டி "வற்புறுத்தலாம்" என்று புதியவர்கள் வாதிடுவார்கள். என் பதில்: அந்த வாதத்தை நீங்கள் தேடும்போதே உங்கள் எதிரில் இருப்பவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நீங்கள் கேட்டே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஜப்பானில் 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பின் இயக்குநர்கள் ரியூசுகே ஹமகுச்சியும் கோ சகாயும் எடுத்த ஆவணப்படத் தொடரில், கணவன் மனைவி, சகோதரிகள், உடன் வேலை செய்தவர்கள் என ஒருவரையொருவர் அறிந்தவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். தெரிந்தவரிடம் சொல்லும்போது விளக்கம் குறைகிறது, பொய்யும் குறைகிறது. முயன்று பாருங்கள்.

முடிக்கும்போது நிகழ்காலத்துக்குக் கூட்டிவாருங்கள்: நாளைக்கு என்ன வேலை, பேத்தி எந்த வகுப்பு? அலைக்குள் விட்டுவிட்டு மூட்டை கட்டாதீர்கள். மறுநாள் காலையில் தொலைபேசியில் விசாரியுங்கள்.

காலர் மைக்கைக் கையோடு கழற்றிவிடுங்கள். ஒருமுறை மறந்தோம். உள்ளே போனவர் மகளிடம் தாழ்ந்த குரலில் பேசியதெல்லாம் ரிக்கார்டரில் ஏறிவிட்டது. படத்திலேயே அதுதான் மிக வலிமையான ஒலியாக இருந்திருக்கும். அவரிடம் சொல்லிவிட்டு அவர் முன்னிலையிலேயே அழித்தோம்.

6. அன்றிரவே

மூன்று பிரதிகள், இரண்டு விதச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 45 ஜிகாபைட் ஆகும்; இதை வைத்து எத்தனை டிஸ்க் வேண்டும் என்று முன்பே கணக்கிடுங்கள். பிரதிகள் சரிதானா என்று சோதிக்காமல் மெமரி கார்டை அழிக்காதீர்கள். "மறுபடி ஒருமுறை சொல்லுங்க" என்று கேட்க முடியாத பதிவு இது.

பிறகு குழுவாக அரைமணி நேரம் உட்காருங்கள். கேட்டவர்களுக்கும் தூக்கம் போகும். ஒரு நாளைக்கு இரண்டு நேர்காணலுக்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு.

7. சம்பவக் காட்சிகளும் மறு உருவாக்கமும்

யாரோ கைபேசியில் எடுத்த காட்சி உங்களுக்குக் கிடைத்தால் மூன்றைத் தேடுங்கள்: எடுத்தவர் யார், எந்த இடம் எந்த நேரம், அதில் அடையாளம் தெரியும்படி இருப்பவர்கள் யார். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வேறோர் ஊரின் வெள்ளத்தை இந்த ஊரின் வெள்ளமாகக் காட்டுவதும் இந்த அலட்சியத்தால்தான் நடக்கிறது.

இறந்தவர் உடல் தெரியும் காட்சிக்கு என் அளவுகோல் ஒன்றே: அவருடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இந்தக் காட்சியை வைத்திருப்பேனா?

செயற்கை நுண்ணறிவால் பழைய காட்சி போன்ற ஒன்றை உருவாக்கிச் சேர்ப்பது இப்போது நிமிட வேலை. சேர்த்தால், அது உருவாக்கப்பட்டது என்று அதே காட்சியின்மேல் எழுதுங்கள். கடைசி டைட்டிலில் பொடி எழுத்தில் போடுவது போதாது. ஆவணக் காட்சிகளைத் திரட்டும் தயாரிப்பாளர்களின் அமைப்பான ஆர்க்கைவல் புரொடியூசர்ஸ் அலையன்ஸ் 2024-ல் வெளியிட்ட நெறிமுறைகளும் வெளிப்படைத்தன்மையைத்தான் வலியுறுத்துகின்றன. ஒரு போலிக் காட்சி அகப்பட்டால், மறுக்கக் காத்திருப்பவர்கள் மொத்தப் படத்தையும் போலி என்பார்கள். அந்தப் பழி, தப்பிப் பிழைத்தவர்களின் வாக்குமூலத்தின்மேல் விழும்.

8. எடிட்டிங்

படத்தைப் பார்க்காமல் எழுத்துப் பிரதியை முதலில் வாசியுங்கள். முகத்தைப் பார்த்தால் அழுகை உள்ள இடத்தையே கை தேடும்.

ஒருவர் சொன்ன இரண்டு வாக்கியங்களை ஒட்டி, அவர் சொல்லாத பொருளை உண்டாக்காதீர்கள். ஒருவர் அழுவதையும் இன்னொருவர் சிரிப்பதையும் அடுத்தடுத்து வைத்தால், சிரித்தவரை ஊரே வெறுக்கும். அவர் வேறொரு நாளில் வேறெதற்கோ சிரித்திருப்பார்.

இசையை மிகக் கடைசியாகச் சேருங்கள். இசையே இல்லாமல் ஒரு காட்சி நிற்கவில்லை என்றால் குறை காட்சியில் இருக்கிறது.

அடையாளத்தை மறைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தால் முகத்தை மங்கலாக்குவது போதாது. குரல், நடை, வளையல், சுவரில் தொங்கும் படம், ஜன்னலுக்கு வெளியே தெரியும் கடைப் பலகை எல்லாமே காட்டிக்கொடுக்கும். அவரை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம், பேசியவரின் சம்மதத்தோடு, அந்தப் பகுதியை மட்டும் காட்டிச் சோதியுங்கள். நாங்கள் ஒருமுறை எல்லாவற்றையும் மறைத்தோம்; அவருடைய தோழி, அவர் இருமிய விதத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

9. முதல் திரையிடல் அவர்களுக்கே

திரைப்பட விழாவுக்கோ பத்திரிகையாளருக்கோ காட்டும் முன், திருத்த இன்னும் நேரம் இருக்கும்போதே, பங்கேற்றவர்களுக்குக் காட்டுங்கள். முதலில் தனித்தனியாக, பிறகு விரும்புகிறவர்களுக்குச் சேர்த்து. தன் முகத்தை ஊரார் நடுவில் முதல்முறையாகப் பார்க்க நேர்வது கொடுமை. மினமாட்டா பற்றித் தொடர்ந்து படமெடுத்த நோரியாகி சுச்சிமோட்டோ 1977-ல் மினமாட்டாவை ஒட்டிய ஷிரானுய் கடலோரக் கிராமங்களுக்குத் தன் படங்களைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுக் காட்டினார்.

என்ன வரப்போகிறது என்று முன்னால் சொல்லுங்கள். எந்த நிமிடத்தில் என்பதையும் சொல்லுங்கள். 2017 ஜூன் 14-ல் லண்டன் கிரென்ஃபெல் கட்டடத் தீயில் 72 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு மே மாதம் அதன் விசாரணையில், போதிய முன்னறிவிப்பு இல்லாமல் எரியும் கட்டடத்தின் காட்சி திரையில் ஓட, உறவினர்கள் பலர் அறையை விட்டு ஓடினார்கள். ஒருவர் மயங்கி விழுந்தார். விளக்கை முழுதாக அணைக்காதீர்கள். கதவருகே குழுவில் ஒருவர் இருக்கட்டும். வெளியே போனவரின் பின்னாலேயே ஓடாமல், கொஞ்சம் தள்ளி நிற்கட்டும்.

அவர்கள் சொல்லும் திருத்தங்களில் எதை ஏற்பது? தன்னைப் பற்றியது என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். உண்மைப் பிழை என்றால் சரிபார்த்துத் திருத்துங்கள். பொறுப்பில் இருந்த ஒருவர் தான் பதிவில் சொன்னதை நீக்கச் சொன்னால் அது வேறு கணக்கு. அவருக்கும் பிள்ளையை இழந்தவருக்கும் ஒரே விதி கிடையாது. அதிகாரத்தில் இருந்தவருக்கான படிவத்தைத் தனியாக எழுதியிருக்க வேண்டும். நான்காம் படியிலேயே.

10. மிச்சப் பதிவுகள்

எழுபது நிமிடப் படத்துக்கு அறுபது மணி நேரம் பதிவாகியிருக்கும். படத்தில் வராததை யாரும் பார்ப்பதில்லை என்று டிஸ்க்கை அலமாரியில் போடுவதுதான் இந்தத் தொழிலின் மிகப் பரவலான தவறு. 'ஷோவா' படத்தில் சேராத பெருமளவு பதிவுகள் அமெரிக்க ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு, இன்று ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. ஜப்பானின் செண்டாய் நகரிலுள்ள பண்பாட்டு மையமான செண்டாய் மீடியாதெக், சுனாமி நடந்த இரண்டே மாதத்தில், 2011 மே மாதம், பொதுமக்கள் எடுத்த பதிவுகளையும் சேர்த்துப் பாதுகாக்க ஒரு மையத்தைத் திறந்தது. அப்படியொரு இடத்தைப் படப்பிடிப்பின்போதே தேடுங்கள். யார் பார்க்கலாம், எத்தனை வருடம் கழித்துத் திறக்கலாம், வேறு படத்துக்குக் கொடுக்கலாமா என்பதைப் பேசியவர்களிடமே கேட்டு எழுதிவைத்தால்தான் காப்பகம் அதை ஏற்கும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பென் டிரைவ் கொடுங்கள். அதில் படத்தோடு, அவர் பேசிய முழு நேர்காணலும் வெட்டாமல் இருக்கட்டும். படம் வந்து நான்கு வருடம் கழித்து ஒரு பையன் எனக்குப் போன் செய்தான். அவன் தாத்தா இறந்துபோயிருந்தார். படத்தில் தாத்தா பேசுவது இரண்டு நிமிடம்தான், கேள்விக்கு முன்னால் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மைக் ஆன்ல இருக்கா?" என்று கேட்பாரே, அந்த இடம் கிடைக்குமா என்று கேட்டான். இருந்தது. அனுப்பினேன்.